சென்னைக்குக் கூப்பிட்டது கலியமூர்த்தியைத்தான்

செயலாளர் பொய் எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த கடிதத்துக்கு, "கலியமூர்த்தி என்று எங்கள் இசைக்குழுவில் யாரும் இல்லை" என்று நம் குழுவின் லெட்டர்பேடில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்துப் பதில் அனுப்பியிருக்கிறார். அந்தப் பதிலின் போட்டோ என் செல்போனில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். காபியும் தருகிறேன்.

"புதுசா சேர்ந்த பசங்களுக்கு உங்க அனுபவத்தை நம்ம ஆண்டு மலர்ல எழுதுங்க அண்ணாச்சி" என்று என்னைக் கேட்டதும் இதே செயலாளர்தான். எழுதித் தருகிறேன். வெட்டாமல் போட வேண்டும். வெட்டினால் ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு பிளாக்கிலும் பால் பூத்தில் ஒட்டுவேன். எனக்கு வேறு வேலை இல்லை. ரிட்டயர் ஆனவன்.

இந்த வருஷம் சேர்ந்த உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் முப்பத்தோரு வருஷம் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். நம் குழுவில் பேஸ் கிட்டார். மேல்பட்டாம்பாக்கத்தில் சர்ச் பாடகர் குழுவோடு உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டேன். என்னை நன்றாக வாசிக்கிறான் என்று யாரும் சொன்னதில்லை. நிறுத்தாமல் வாசிக்கிறான் என்று சொல்வார்கள். பேஸ் கிட்டாருக்கு அது போதும்.

கலியமூர்த்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேர் தெரிந்திருக்காது. வளையமாதேவிக்காரன். பெல்ட் ஓரத்தில் சிந்துகிற மண்ணை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை. நாற்பத்து மூன்று வயது. ஒத்திகை நடக்கும்போது ட்ரம்ஸுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தில் வாசிப்பான். எல்லாரும் வந்துவிட்டால் நாற்காலி எடுத்துப் போடுவான். அவன் சொந்த வாத்தியம் பம்பை. அம்மன் கோயில்களில் கேட்டிருப்பீர்களே, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம், அதுதான். அதை நம் மேடையில் வாசிக்க யாரும் கேட்டதில்லை.

இனி நம் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். அது தெரியாமல் நான் சொல்லப்போகும் எதுவும் புரியாது.

மைன்ஸில் ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டு ஆள், வந்து நிற்காமல் ஆபரேட்டர் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் மட்டும் மாறும். நம் குழுவில் எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். கல்யாண வரவேற்பு பாதியில் இருக்கும்போது ஷிப்டு பஸ் வந்துவிடும். அதனால் மேடையிலும் அதே முறைதான். ரிலீவர் பின்னால் வந்து நின்று நாலு வரி கேட்பார். தோளில் இரண்டு தட்டு தட்டுவார். உட்கார்ந்திருப்பவர் இடது பக்கம் நகர்வார், வந்தவர் வலது பக்கமாக உள்ளே வருவார். தாளம் நிற்காது. கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. கிட்டாரில் இது கஷ்டம். வாரைக் கழற்றி அடுத்தவர் தோளில் போடும்வரை கட்டைவிரலால் ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டிருப்பேன். அதையும் செய்திருக்கிறோம்.

ஒரே ஒரு தடவை இது தவறியது. நெல்லிக்குப்பத்தில் ஆலைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம். கீபோர்டுக்காரன் ரிலீவர் வந்துவிட்டான் என்று நினைத்து எழுந்து போய்விட்டான். பின்னால் வந்து நின்றது ரிலீவர் இல்லை, வீடியோக்காரர். பாட்டு அறுந்தது. கல்யாணப் பெண் தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு ஓடி வந்து, "இன்னாங்க, கரண்டு போய்டுச்சா?" என்றார். மண்டபம் முழுக்க சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது. "ஆமாங்க" என்றேன். அவரும் சரி என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து தோளில் தட்டு விழாமல் யாரும் எழுந்ததில்லை. அது நல்ல பழக்கம். ஆனால் அதே நல்ல பழக்கம்தான் என்னைச் சென்னையில் அவமானப்படுத்தியது.

ரிட்டயர் ஆன வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. நானும் என் மனைவியும் அடையாறில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். பேரனைக் குளிப்பாட்டுவது மனைவியின் வேலை. தண்ணீர் லாரிக்காரர், வாட்ச்மேன், மேல்மாடிக்காரர் மூவரோடும் சண்டை போடுவது என் வேலை. இரண்டாவது மாதம் மகள் செல்போனில் எதையோ தேடிப் பிடித்து, "அப்பா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க பக்கத்துல ஒரு மொட்டை மாடில உலக இசைக்காரங்க கூடுறாங்களாம். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

"உலக இசைன்னா?"

"எல்லா நாட்டு ஆளுங்களும் வாசிப்பாங்க. யார் வேணா போகலாம்."

"எனக்குப் பேஸ் கிட்டார்தான் தெரியும்."

"அதைத்தான் எடுத்துட்டுப் போகச் சொல்றேன். போங்கப்பா. மூணு மணி நேரம் வீடு நிம்மதியா இருக்கும்."

போனேன். ஷீட் போட்ட மொட்டை மாடி. இருபது பேர் வட்டமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பிரேசில் நாட்டுப் பெண் ஒருத்தி கஞ்சிராவுக்குப் பெரியக்கா மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள். நாகாலாந்துப் பையன் கிட்டார். மயிலாப்பூர் மாமா ஒருவர் மிருதங்கம். ஈரான்காரர் ஒருவர், ரெஸா என்று பேர், சென்னைக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் மடியில் சின்னச் சுரைக்குடுக்கையைப் பாதியாக்கிக் கம்பு செருகியது போல ஒரு வாத்தியம். சேத்தார் என்றார்கள். நாலு தந்தி. இதை எல்லாம் நடத்துவது வயலின் வாசிக்கிற ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். "வாங்க அங்கிள், உக்காருங்க" என்றாள். அங்கிள் என்றால் எனக்குப் பிடிக்காது. உட்கார்ந்தேன்.

ரெஸா வாசிக்க ஆரம்பித்தார். நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்தினார். வாத்தியத்தைப் பக்கத்தில் பாயில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மிருதங்க மாமா மட்டும் மெதுவாக விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மற்ற யாரும் அசையவில்லை.

தாளம் ஓடுகிறது, ஆபரேட்டர் இல்லை, ரிலீவர் இல்லை. இத்தனை பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆளுக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். எழுந்து போனேன். ரெஸாவின் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். வலது பக்கமாக உட்கார்ந்து, அந்த வாத்தியத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதிலும் நாலு தந்தி, என்னுடையதிலும் நாலு தந்தி. "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று கையால் சைகை வேறு காட்டினேன்.

மிருதங்கம் நின்றது. பிரேசில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரெஸா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாத்தியத்தை என் கையிலிருந்து வாங்கினார். பறிக்கவில்லை, வாங்கினார். துணியால் துடைத்தார். உறையில் போட்டார். படி இறங்கிப் போய்விட்டார்.

வயலின் பெண் என்னைப் பஸ் ஸ்டாப் வரை கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில் கேட்டாள், "அங்கிள், ஏன் எடுத்தீங்க?"

சொன்னேன். பெல்ட், ரிலீவர், தோளில் தட்டு, ஷிப்டு பஸ், எல்லாம். அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"அவர் நிறுத்தல அங்கிள். அந்த இடத்துல அப்படித்தான். சத்தம் இல்லாம இருக்கறதும் அவர் வாசிக்கறதுதான்."

"ஓடற மெஷினை ஆள் இல்லாம விட முடியாதும்மா."

"அது மெஷின் இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் ஏறிவிட்டேன். திருவான்மியூர் தாண்டியபிறகுதான் எதிர்ப்பக்கம் போகிற பஸ் என்று தெரிந்தது.

பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர் கை நின்றால் உடனே பாயாதீர்கள். அவர் முகத்தைப் பாருங்கள். உதவி வேண்டுமா, சும்மா விட்டால் போதுமா என்று முகம் சொல்லும். நான் கையை மட்டும் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் கையை மட்டும் பார்த்தே வேலை செய்தவன். இன்னொன்று, அடுத்தவர் வாத்தியத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். நம் குழுவில் எல்லாமே பொதுப் பொருள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளியே அப்படி இல்லை.

அடுத்த ஞாயிறு போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மனைவி, "தப்பு பண்ணவன்தான் முதல்ல போய் நிக்கணும்" என்று பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ கட்டிக் கொடுத்தாள். ரெஸாவிடம் நீட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றை எடுத்து மென்றார். யோசித்தார். தங்கள் ஊர்ப் பிஸ்தா இதைவிட நல்லது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிஷம் வாக்குவாதம். அப்போதே பாதி சமாதானம் ஆகிவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை போட்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை தன் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒன்றும் வாசிக்கக் கூடாது என்றார். கிட்டாரை எடுத்துவரலாமா என்றேன். வேண்டாம் என்றார். உட்கார்ந்தேன். முதல் வாரம் விரல் துடித்தது. இரண்டாம் வாரம் தூங்கிவிட்டேன். மூன்றாம் வாரம் அவர் நிறுத்துகிற இடத்தில் மாடிக்குப் பக்கத்தில் குழாய் சொட்டுவது கேட்டது. நாலாம் வாரம் அவர் எப்போது நிறுத்தப்போகிறார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஐந்தாம் வாரம் அந்தப் பெண், "அங்கிள், கிட்டார் எங்க?" என்றாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வட்டத்தில் வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு குறைவாக வாசித்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை.

புது ஊருக்குப் போகும் ஆள் அங்கே இருக்கும் குழுவுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று நீங்கள் என்னிடம் கேட்டால், சீக்கிரம் வாசித்துக் காட்டாதே என்றுதான் சொல்வேன். உன்னைக் கூப்பிடுவார்கள்.

நெய்வேலிக்குத் திரும்பிய பிறகு அந்த மொட்டை மாடிக்காரர்கள் இங்கே வந்து வாசிக்க ஆசைப்பட்டார்கள். செயலாளரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். பேனர் அடித்தார். ஈரான்காரர் படம் தபால் தலை அளவு, செயலாளர் படம் தட்டு அளவு. போகட்டும். டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி, பன்னிரண்டரைக்கு முடித்துச் சாப்பாடு என்று ஏற்பாடு.

பலா சீசன். பண்ருட்டியில் ரோட்டோரம் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பழத்தை அங்கேயே வெட்டச் சொல்லித் தின்றிருக்கிறார்கள். ரெஸா தானே சுளை எடுக்கிறேன் என்று கையை உள்ளே விட்டுவிட்டார். பிசின். பிரேசில்காரியும் விட்டாள். அந்தக் கையோடு வாத்தியத்தைத் தொட முடியாது. தேங்காய் எண்ணெய் தேடி, தேய்த்து, எண்ணெய் போக சோப்பு தேடி, கழுவி வந்து சேரும்போது மணி பதினொன்றே முக்கால்.

பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். அவர்கள் முதலில், பிறகு எல்லாரும் சேர்ந்து. ஒன்று பத்துக்கு செகண்ட் ஷிப்டு பஸ். நம் ட்ரம்ஸ்காரனும் கீபோர்டுக்காரியும் அந்த பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள். ரிலீவராக வர வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. ஒருவன் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டான். இன்னொருவன் ஏன் வரவில்லை என்று இன்றுவரை சொல்லவில்லை.

மேடை ஓரத்தில் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தான். நாற்காலி போட வந்தவன். முன்வரிசையில் பெரிய அதிகாரி ஒருவர், பக்கத்தில் செயலாளர். போட்டோ எடுக்கிறார்கள், அதனால் மெம்பர் தவிர யாரும் மேடை ஏறக் கூடாது என்று செயலாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். மணி ஒன்று. ட்ரம்ஸ்காரன் என்னைப் பார்க்கிறான். நான் என்ன செய்ய? நிகழ்ச்சியை நிறுத்தி, "ஷிப்டுக்கு நேரமாச்சு, மன்னிக்கணும்" என்று சொல்லலாம். அல்லது செயலாளர் சொன்னதை மீறலாம். யோசிக்க நாலு வரி நேரம்தான் இருந்தது. கலியமூர்த்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அவன் ஏறி வந்தான். நின்றான், கேட்டான், இரண்டு தட்டு, உள்ளே உட்கார்ந்தான். கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ரெஸாவுக்குத் தெரிந்தது. வாசித்துக்கொண்டே கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். அவர் தோளில் நான் ஏன் தட்டினேன் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நிமிஷத்தில் கீபோர்டுக்காரிக்கும் நேரமாகிவிட்டது. தட்டு விழவில்லை, தட்ட ஆள் இல்லை. அவள் அழாத குறையாக எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாள். மெட்டு போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ரெஸாவும் தன் வழக்கப்படி நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தார், கூட வந்தவர்களும் அவரோடு நிறுத்தினார்கள். மேடையில் ட்ரம்ஸும் என் கிட்டாரும் மட்டும்.

எனக்குத் தெரிந்த எந்த ட்ரம்ஸ்காரனும் அந்த இடத்தில் பயந்துபோய் இரண்டு மடங்கு சத்தம் போடுவான். கலியமூர்த்தி ரெஸாவின் முகத்தைப் பார்த்தான். குச்சியை மடியில் வைத்தான். சும்மா இருந்தான். எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நானும் தந்தியிலிருந்து கையை எடுத்தேன். கூடமே அடங்கிவிட்டது. பிறகு அவன் குனிந்து, காலையிலேயே ட்ரம்ஸுக்குப் பின்னால் வைத்திருந்த கோணிப்பையிலிருந்து பம்பையை எடுத்தான். சாயங்காலம் எங்கோ கோயிலில் வாசிக்க வேண்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்தான். விரல் நுனியால் தொட்டான். அம்மன் கோயிலில் கேட்கிற அடி இல்லை. தூரத்தில் யாரோ நடந்து வருவது போல. ரெஸா தலையைத் தூக்காமலே சேத்தாரை எடுத்தார். இரண்டு பேரும் போனார்கள். நான் என் ஒரு தந்தியோடு பின்னால் போனேன். பிரேசில்காரி எழுந்து நின்றுகொண்டே சேர்ந்துகொண்டாள். பம்பை மெதுவாகச் சூடேறியது. முன்வரிசை அதிகாரி முழங்காலில் தாளம் போட்டார். செயலாளர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் போட்டார்.

நடுவில் என் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. திரும்பினால் ரெஸா. என் கிட்டாரைக் காட்டிக் கையை நீட்டினார். கேட்கிறார் பாருங்கள், என்னைப் போல் எடுக்கவில்லை. வாரைக் கழற்றி அவர் தோளில் போட்டேன். இடது பக்கமாக நகர்ந்தேன். போய்த் தண்ணீர் குடி என்று சைகை காட்டினார்.

கீழே இறங்கி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். இருபது வருஷமாகக் கலியமூர்த்தியைப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். இவன் நம் குழுவில் எல்லாரையும்விட நல்ல வாசிப்புக்காரன் என்பது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டில் ரெஸா அவனை விடவில்லை. இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழில் பத்து வார்த்தை. வாழை இலையில் விரலால் தட்டித் தட்டியே பேசிக்கொண்டார்கள். ரசம் ஓடியது. வயலின் பெண் செல்போனோடு வந்து, "அண்ணா, உங்க பேர் நோட்டீஸ்ல இல்லையே. எப்படி எழுதணும்?" என்றாள்.

"பேரு எதுக்குங்க" என்றான் அவன். "இவங்கள்ல யாராச்சும் வரலன்னா நான் வாசிப்பங்க. அவ்ளோதான்."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று மாதம், ஞாயிறுதோறும், அவர்கள் வட்டத்தில் விருந்தினராகக் கலியமூர்த்தி வாசிக்க வேண்டும், முடிவில் பெரிய மேடையில் ரெஸாவோடு நிகழ்ச்சி, போக்குவரத்து அவர்கள் பொறுப்பு. மரியாதைக்குக் கடிதத்தைச் செயலாளர் பேருக்கு எழுதினார்கள். செயலாளர் அனுப்பிய பதிலின் முதல் வரியை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது வரி இது: "அவருக்குப் பதிலாக, ரிதம் பேடு வாசிக்கும் செயலாளராகிய நானே வர இயலும்."

வயலின் பெண் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "அங்கிள், இது என்ன?" என்று கேட்டிருந்தாள். அன்று மாலையே செயலாளர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இப்படி எழுதியிருக்கீர்?"

"அண்ணாச்சி, உக்காருங்க. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்லா. மெம்பர் ரெஜிஸ்டர்ல எம்ப்ளாயி நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு. அவனுக்கு நம்பர் கிடையாது. கான்ட்ராக்ட். நான் என்ன செய்ய?"

"அப்ப இருபது வருஷமா வாசிச்சது யாரு?"

"அது உதவிக்கு வந்தது."

"உம்ம மக கல்யாணத்துல மூணு மணி நேரம் வாசிச்சானே, அதுவும் உதவியா?"

அவர் குழாயை மூடினார். "அண்ணாச்சி, நீங்க ஒம்பது வருஷம் நோட்டீஸ் எழுதினீங்க. ஒரு தடவ அவன் பேரைப் போட்டீங்களா?"

போடவில்லை. இதை மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கே அர்த்தம் இல்லை. என் கையால் ஒன்பது வருஷம் நோட்டீஸ் எழுதினேன். பேருக்குப் பக்கத்தில் நம்பர் போட வேண்டும், அவனுக்கு நம்பர் இல்லை, அதனால் பேரை விட்டேன். ஒரு கோடு போட்டுவிட்டு எழுதியிருக்கலாம். தோன்றவில்லை. தோன்றாதது என் தப்பு. செயலாளருக்குத் தோன்றியும் செய்யவில்லை. அது அவர் தப்பு. என் தப்பு பெரிதா அவர் தப்பு பெரிதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாலைந்து நாள் கழித்துக் கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன். பதில் விஷயம் அதற்குள் குழு முழுக்கப் பரவி அவன் காதுக்கும் போயிருந்தது. பம்பைக்குப் புதுத் தோல் போட்டு வெயிலில் வைத்திருந்தான். கடிதம் வந்த செய்தி கேட்டதும் போட்டதாம். வேலை இடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டானாம். ஞாயிறு அவனுக்கு வார லீவு, காலையில் பஸ் ஏறினால் முடியும் என்று அவன் மனைவி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"செயலாளர் எழுதினா எழுதட்டும். நீ நேரா போ. அந்தப் பொண்ணு உன்னைத்தான் கூப்புடறா" என்றேன்.

அவன் பம்பையைத் திருப்பி வைத்தான். "எப்படிண்ணே போறது? குழுல இல்லன்னு சீல் குத்தி அனுப்பிட்டாங்களே. நீங்க போனீங்க, நெய்வேலி ஆர்கெஸ்ட்ராவுலேர்ந்து வரேன்னு சொல்லிகினு உக்காந்தீங்க. என்னை எங்கேர்ந்து வரேன்னு கேட்டா? நிலம் மைன்ஸுக்குப் போச்சு. வேலைல பேரு கான்ட்ராக்டர் பேரு. இதுவும் இல்லன்னா நான் யாருன்னு சொல்றதுண்ணே?"

"இந்தாளு இப்படித்தாங்க, நாலு நாளா சாப்புடறதில்ல" என்றாள் மனைவி. "நீங்க அந்த செகரட்டரி வூட்டுக்குப் போனீங்களாமே. ரெண்டு அறை வச்சீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குப் போனீங்க?"

சரியான கேள்வி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிலும் பாதிப் பேருக்கு எம்ப்ளாயி நம்பர் கிடையாது என்று கேள்விப்பட்டேன். அப்பா பெர்மனென்ட் என்பதால் அவர் நம்பரைப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். செத்துப்போன மாமனார் நம்பரில் ஒருவர் சேர்ந்திருக்கிறார். நல்லது, சேருங்கள், வாசியுங்கள். அந்த நம்பர் கட்டத்தை வளைக்க முடியும் என்று அதிலிருந்தே தெரிகிறதா இல்லையா?

இந்த மலர் வெளியாகிற அன்றைக்கே பொதுக்குழு. அதுவரை கலியமூர்த்தியின் இடத்தை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று வயலின் பெண் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் முடியாது என்றும் சொல்லியிருக்கிறாள். பொதுக்குழுவுக்குக் கலியமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாற்காலி போட இல்லை, உட்கார. முதலில் நான் எழுந்து என் ஒன்பது வருஷத்துக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்பேன். அதோடு என் வேலை முடிந்தது.

செயலாளரே, அடுத்து உம் முறை. தனியாக வந்து என்னிடம் பேச வேண்டாம், போன் செய்ய வேண்டாம், என் மனைவியிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும். கலியமூர்த்தி நம் குழுவா, இல்லையா? ஆமாம் என்றால் அங்கேயே, அந்த மேசையிலேயே, அதே லெட்டர்பேடில் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடும். இல்லை என்றால், அன்றைக்கு அதிகாரி முழங்காலில் தாளம் போட்டது யாருடைய வாசிப்புக்கு என்று கூட்டத்துக்குச் சொல்லும்.